பதினோரு நிமிடப் பேச்சு

மனைவி ஊருக்குப் போன பத்தொன்பதாம் நாள், காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, ஸ்டோர்காரர் தம் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய முடிவை எடுத்தார். இந்த வருடம் தும்மலுக்கு மாத்திரை போடுவதில்லை.

சின்ன முடிவுதானே என்று தோன்றும். அவர் தும்மலைக் கேட்காதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

வருடத்தில் ஆறு வாரம் அந்தத் தெரு மரங்கள் மஞ்சள் நிற மகரந்தத் தூளைக் கொட்டும். சைக்கிள் சீட்டில், ஜன்னல் கம்பியில், காயப்போட்ட துணியில் எல்லாம் மஞ்சள். அந்தத் தூளுக்கும் அவர் மூக்குக்கும் ஜென்மப் பகை. ஒரு தடவை ஆரம்பித்தால் ஏழு. ஆறும் இல்லை, எட்டும் இல்லை. நாலாவதுக்குத் தெருநாய் எழுந்து உட்காரும். ஆறாவதுக்கு ஜன்னல் கதவு பதில் சொல்லும். எதிர்வீட்டுத் தையல்கார அம்மா முதல் தும்மலிலேயே மெஷினை நிறுத்திவிடுவார். ஏழும் முடிந்த பிறகுதான் காலை வைத்து மிதிப்பார். இல்லாவிட்டால் தையல் கோணிக்கொள்ளும்.

ஒரே ஒரு மாத்திரை போட்டால் இந்த ஏழு இரண்டாகிவிடும். அதை ஒவ்வொரு வருடமும் மனைவிதான் கொடுப்பாள். சாயங்காலம் உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். அரை டம்ளர் தண்ணீர். விழுங்கும் வரை நிற்பாள். அந்த மாத்திரையின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. கை தெரியும். அது போதும் என்று இருந்துவிட்டார்.

இந்த வருடம் அந்தக் கை வேறு ஊரில் இருந்தது. மனைவியின் அக்கா படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு ஆறு வாரம். தனியாக இருப்பவர். தங்கைதான் போக வேண்டும். போய்விட்டாள். ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள். ஸ்டோர்காரர் காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டு வந்தார். பதினெட்டு கோடு ஆகியிருந்தது. இருபத்து நாலு பாக்கி.

அவர் ஒரு தொழிற்சாலையின் உதிரிபாக ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வகைச் சாமான். எது எந்தத் தட்டில், எத்தனை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். போல்ட்டு வேண்டும் என்று வருகிறவனிடம் சீட்டு எங்கே என்று கேட்க அவருக்குத் தெரியும். நீ வேண்டும் என்று மனைவியிடம் சொல்ல எந்தச் சீட்டை எழுதுவது என்றுதான் தெரியாது. முப்பத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட எழுதியதில்லை.

அவள் தினமும் நாலரை மணிக்கு போன் செய்வாள். பால் வந்ததா, குழாய் சொட்டுகிறதா, கேஸ் மூடினீங்களா. இவர் வந்தது, சொட்டுகிறது, மூடினேன் என்பார். ஆறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு அடுத்த நாலரைக்கு இருபத்து மூன்று மணி ஐம்பத்து நாலு நிமிடம். காலையில் பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்து வைப்பார். ஒன்றைத் திரும்ப வைப்பார். அவள் சீப்பில் மூன்று முடி சிக்கியிருந்தது. சீப்பைத் துடைத்து வைத்தார். முடியை எடுக்கவில்லை.

எனவேதான் முடிவு. மாத்திரை போடாவிட்டால் தும்மல் வரும். தும்மல் வந்தால் போனில் கேட்கும். கேட்டால் மனசு இளகும். இளகினால் பஸ் ஏறுவாள். நாலே படி. வாயால் சொல்ல முடியாததை மூக்கால் சொல்லிவிடலாம்.

அன்று நாலரைக்கு போன் வந்தது. ஜன்னலை அகலத் திறந்து வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, பால் வந்துச்சா?"

பதில் ஏழு தும்மல்.

அவள் பாலை விட்டுவிட்டாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேனே."

"போட்டா ரெண்டுக்கு மேல தும்ம மாட்டீங்களே. இப்ப ஏழு வந்துச்சு."

ஸ்டோர்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணுவது தம் வேலை என்று நினைத்திருந்தார்.

"மாத்திரை கேக்கல போல. இந்த வருஷம் ரொம்ப ஜாஸ்தி. என்ன பண்றதுன்னே தெரியல," என்று குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியது நன்றாக வந்தது என்று அவருக்கே தோன்றியது.

"நான் வச்சிட்டு வந்த அட்டையை எடுங்க. பேரைப் படிங்க."

இங்கேதான் சிக்கல். மனைவி போன இரண்டாம் நாள், கை சும்மா இருக்க முடியாமல், அவர் மருந்து டப்பாவைச் சீர்படுத்தியிருந்தார். அவள் வைத்திருந்தது ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ளே அட்டை மேல் அட்டை. ஸ்டோர் வைக்கிற லட்சணமா இது? ஆணி போட்டு வைக்கும் எட்டு அறைப் பெட்டியைக் கழுவித் துடைத்தார். கத்திரிக்கோலால் எல்லா அட்டைகளையும் ஒவ்வொரு மாத்திரையாக, சதுரம் சதுரமாக வெட்டினார். அளவு வாரியாக, நிற வாரியாகப் போட்டார். ஒவ்வொரு அறையிலும் சீட்டு ஒட்டினார். "சின்னது, வெள்ளை, 14." "சின்னது, மஞ்சள், 9." "பெரியது, வெள்ளை, 6." பெயரும் தேதியும் அச்சடித்த ஓரங்கள் குப்பைக்குப் போயின. பெயர் எதற்கு? எண்ணிக்கை இருக்கிறதே!

"என்னங்க, படிங்க."

"ம்... 'ரி'ன்னு இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. 'ரி' மட்டும்தான்."

"தேதி?"

"தேதி கத்திரிக்கோல் போன பக்கம் இருந்திருக்கும்."

"கத்திரிக்கோலா? அட்டையை வெட்டிட்டீங்களா?"

"அடுக்கி வச்சேன்," என்றார் ஸ்டோர்காரர், கொஞ்சம் பெருமையுடன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அந்தப் பொட்டிய தொடாதீங்க. கடைக்குப் போய், போன வருஷம் டாக்டர் எழுதின சீட்டைக் காட்டிப் புது அட்டை வாங்குங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு. ஒண்ணு கேக்கலைன்னு இன்னொண்ணு போடக் கூடாது. வேற எதையும் சேர்த்துப் போடக் கூடாது. கேக்கலைன்னா டாக்டரைப் பாருங்க. ஜன்னலைச் சாத்துங்க. வெளிய போய்ட்டு வந்தா மூஞ்சி கழுவுங்க. சரியா? வச்சிடறேன்."

அவர் எதிர்பார்த்தது பஸ். வந்தது யோசனை.

புது அட்டை வாங்கினார். பத்து மாத்திரை. சொல் தட்டாதவர். ஆனால் கையும் பழக்கம் தட்டாதது. வீட்டுக்கு வந்ததும் பத்தையும் வெட்டி, சின்ன வெள்ளை அறையில் போட்டு, 14 என்பதை அடித்து 24 என்று எழுதினார். ஒன்றையும் போடவில்லை.

இரண்டாம் நாள் பதினான்கு தும்மல். மனைவி தலையணை உறையை வெந்நீரில் துவைக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் இருபத்தொன்று. திரைச்சீலையைக் கழற்றி அலசச் சொன்னாள். நாலாம் நாள் இருபத்தெட்டு. மெத்தையை உதறச் சொன்னாள். "முகம் வீங்குது, மூச்சு முட்டுதுன்னா மாத்திரை கீத்திரைன்னு உக்காந்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றும் சொன்னாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. வீடு பளபளவென்று ஆகிக்கொண்டு வந்தது. மனைவி அங்கேயே இருந்தாள். மூக்கு மட்டும் சிவந்து, விளக்கில்லாமலே ரோட்டைக் கடக்கலாம் போல் இருந்தது.

ஐந்தாம் நாள்தான் மோசம். ஒன்பது நிமிடப் பேச்சில் நாலு நிமிடம் தும்மல். நடுவில் அவள் வழக்கமில்லாத குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். "எனக்கும் இங்க..." என்றாள். அதற்குள் அடுத்த சுற்று வந்துவிட்டது. ஏழையும் முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தபோது, "சரி, வச்சிடவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கும் இங்க... என்ன? எனக்கும் இங்கே தூசியா? எனக்கும் இங்கே குழாய் சொட்டுகிறதா? அல்லது எனக்கும் இங்கே...

முப்பத்தாறு வருடம் காத்திருந்த வாக்கியம் அதுவாக இருந்து, அதைத் தம் மூக்கே மிதித்துவிட்டதோ என்று நினைத்து, ஸ்டோர்காரர் மூக்கை நறுக்கென்று கிள்ளிக்கொண்டார். திரும்பக் கேட்கவும் வாய் வரவில்லை. நாளைக்கு ஒரு தும்மல்கூட வரக் கூடாது. அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் முழுவதும் காதில் விழ வேண்டும். விரதம் முடிந்தது.

மறுநாள் பிற்பகல் மூன்று பத்துக்கு எட்டு அறைப் பெட்டியைத் திறந்தார். மனைவி சொன்ன புது மாத்திரை சின்ன வெள்ளையில்தான் இருந்தது. பழைய வெள்ளை பதினான்கோடு கலந்து இருந்தது. எது புதிது, எது பழையது? அவருக்கு அதில் குழப்பமே வரவில்லை. ஏனென்றால் ஸ்டோரின் முதல் விதி, பழைய சரக்கை முதலில் கொடு. முன்னால் வந்தது முன்னால் போக வேண்டும். அந்தப் பெட்டியிலேயே மிகப் பழையது சின்ன மஞ்சள். நாலு வருடத்துக்கு முன் அதே தும்மலுக்கு வாங்கியது. அதைப் போட்டு அவர் இரண்டு நாள் தூங்கி வழிந்ததால்தான் டாக்டரே வேறு எழுதினார். அது அவருக்கு நினைவில்லை. மஞ்சள் என்பது மட்டும் நினைவிருந்தது. ஒன்று எடுத்து விழுங்கினார். சீட்டில் 9 ஐ 8 ஆக்கினார்.

இருபது நிமிடம் ஆயிற்று. ஏழு தும்மல் வந்தது. மாத்திரை உள்ளே போய் வேலை செய்ய ஒரு மணி நேரமாவது வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் நாலரைக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. சின்ன வெள்ளையில் ஒன்று எடுத்தார். அது புதிதோ பழையதோ. பத்து நிமிடம் பார்த்தார். அலமாரியில் சளி சிரப் கண்ணில் பட்டது. சளிக்கும் மூக்குதான், தும்மலுக்கும் மூக்குதான். ஒரு மூடி குடித்தார்.

நாலு மணிக்கு தும்மல் நின்றது. அப்பாடா என்று ஈஸிச்சேரில் சாய்ந்து, போனை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இன்னும் முப்பது நிமிடம். ஒரே நிசப்தம். காது கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

கண்ணைத் திறந்தபோது மணி ஐந்து பத்து. எதிரே தையல்கார அம்மா. தோளில் அளவு நாடா. பக்கத்தில் மருந்துக்கடைக்காரர், அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி.

"முழிச்சிட்டார்," என்றார் தையல்கார அம்மா. "அண்ணே, என்னைத் தெரியுதா?"

"தலையணை உறை தைக்கக் குடுத்தேன். ரெண்டு. வரல," என்றார் ஸ்டோர்காரர் குழறிய நாக்கோடு.

"தெளிவாத்தான் இருக்கார்."

கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன போட்டீங்க? எத்தனை? எத்தனை மணிக்கு?"

இந்தக் கேள்விக்கு அவர் முப்பத்தொரு வருடம் தயாராகியிருந்தார். "மூணு பத்துக்கு மஞ்சள் ஒண்ணு. மூணு முப்பதுக்கு வெள்ளை ஒண்ணு. மூணு நாப்பதுக்கு சிரப் ஒரு மூடி."

"மாத்திரை பேரு?"

"பேரு தெரியாது."

கடைக்காரர் எட்டு அறைப் பெட்டியைத் திறந்து பார்த்தார். "எவ்வளவு நீட்டா கொலை பண்ணியிருக்கீங்க!" என்றார். "ஐயா, இந்த மஞ்சளும் அந்த சிரப்பும் ஒரே குடும்பம். ரெண்டுமே ஆளைச் சாய்க்கும். வெள்ளையும் அதே வேலைக்குத்தான். ஒண்ணு போட வேண்டிய இடத்துல மூணு பேரை அனுப்பியிருக்கீங்க. உங்க வயசுல இது தலையைச் சுத்தி விடும். பாத்ரூம்ல விழுந்தா இடுப்பெலும்பு போயிடும். ஒண்ணுக்குப் போறது அடைச்சுக்கும். வண்டி எடுத்திருந்தா கேக்கவே வேண்டாம். மஞ்சளுக்குத் தேதியும் முடிஞ்சிருக்கும், ஆனா தேதியைத்தான் நீங்க குப்பையில போட்டுட்டீங்களே!"

"பழைய சரக்கு முதல்ல போகணும்னு..."

"போல்ட்டுக்குச் சரி. மருந்துல பழசு குப்பைக்குத்தான் முதல்ல போகணும். பிரஷருக்கு ஏதாவது போடறீங்களா?"

"பெரிய வெள்ளை. காலைல ஒண்ணு."

"நல்லவேளை அதை அளவு பாத்து மாத்திப் போடல."

கடைக்காரர் டாக்டருக்கு போன் போட்டுப் பேசினார். இன்று வேறு எதுவும் போடக் கூடாது, தண்ணீர் குடிக்க வேண்டும், முழுக்கத் தெளியும்வரை கூட ஆள் இருக்க வேண்டும், நடை தள்ளாடினால் உடனே கூட்டி வர வேண்டும். அவ்வளவையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்தார். எட்டு அறைப் பெட்டியைத் தம் பையில் போட்டுக்கொண்டார். ஸ்டோர்காரர் அதைக் குழந்தையைப் பறிகொடுத்தவர் போலப் பார்த்தார். "நாளைக்குப் புது அட்டை தரேன். கத்திரிக்கோல் பக்கத்துல போகக் கூடாது. ராத்திரிக்கு ஒண்ணு. சீசன் முடியறவரைக்கும் தினம் போட்டாத்தான் புண்ணியம், விட்டு விட்டுப் போட்டா இல்ல."

"ஒரு உதவி," என்றார் ஸ்டோர்காரர் இருவரையும் பார்த்து. "வீட்ல சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றார் தையல்கார அம்மா. "என் வாயிலேர்ந்து ஒரு சொல் வராது அண்ணே!" அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. எட்டு மணி வரை அங்கேயே உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் ஸ்டோர்காரர் போனைப் பார்த்தார். தவறிய அழைப்பு பதினான்கு. அதற்கு மேலே இன்னொரு வரி. நாலு ஐம்பத்திரண்டுக்கு வந்த அழைப்பு. எடுக்கப்பட்டது. பேசிய நேரம் பதினோரு நிமிடம் நாற்பது வினாடி.

அவர் எடுத்திருக்கிறார்! தூக்கத்தில் கை பாட்டுக்கு அழுத்தியிருக்கிறது. பதினோரு நிமிடம் நாற்பது வினாடி! முப்பத்தாறு வருடத்தில் அவர் போனில் பேசிய மிக நீண்ட பேச்சு. அதில் ஒரு சொல்கூட நினைவில்லை.

அவ்வளவு நேரம் என்ன பேசியிருப்பார்? பாலும் குழாயும் இரண்டு நிமிடம். மீதி ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி? மருந்து மயக்கத்தில் கட்டு அவிழ்ந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பாரோ? சீப்பு, டம்ளர், காலண்டர் கோடு? ஐயோ என்று வெட்கம் வந்தது. அப்பாடா என்றும் வந்தது. ஒருவேளை அவள் அந்த 'எனக்கும் இங்க'வை முடித்திருப்பாளோ? அதையும் தூங்கிக்கொண்டே கேட்டுத் தொலைத்திருப்பாரோ? கேட்டுப் பார்க்கலாம் என்றால் மயங்கிக் கிடந்தது தெரிந்துபோகும்.

மறுநாள் நாலரை.

"என்னங்க, நேத்து சொன்னபடியே பண்ணிடறேங்க."

"நேத்து சொன்னபடி," என்றார் ஜாக்கிரதையாக.

"ஞாயித்துக்கிழமை காலைல பத்தரைக்கு வந்துடறேன். உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

ஸ்டோர்காரர் மூக்கை உறிஞ்சினார். இந்தத் தடவை மாத்திரைக்கும் தூளுக்கும் அதில் பங்கில்லை. "ம்," என்றார்.

"நேத்து நீங்க பேசினதைக் கேட்டு அக்காவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

அக்காவும் கேட்டாரா? காது மடல் வரை சூடேறியது. ஆனால் உள்ளே யாரோ மேளம் கொட்டினார்கள். அடுத்த மூன்று நாள் புது அட்டையிலிருந்து நாளுக்கு ஒன்று, அட்டையை வெட்டாமல் போட்டார். தும்மல் இரண்டாகி, ஒன்றாகி நின்றது. படுக்கை அறையைத் துடைத்தார். அவள் பக்கத் தலையணையைத் தட்டி வைத்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள் கண்ணாடி வைக்கும் ஸ்டூலைச் சரியாக ஒரு முழம் தள்ளிப் போட்டார். அது எப்போதும் இருக்கும் இடம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து இருபதுக்கே வாசலில் நின்றார். சலவைச் சட்டை. பத்து முப்பத்தைந்துக்கு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பஸ்ஸில் வராமல் காரிலா? அவ்வளவு அவசரமா? முன் கதவு திறந்தது. மனைவி இறங்கினாள். இருபத்தெட்டு நாள் கழித்து. கொஞ்சம் இளைத்திருந்தாள். அவர் ஒரு அடி எடுத்து வைத்தார்.

பின் கதவு திறந்தது. முதலில் ஒரு வாக்கர் வந்தது. அடுத்து ஒரு மாவுக்கட்டு. அதைத் தொடர்ந்து மனைவியின் அக்கா.

"மாப்பிள்ளை!" என்றார் அக்கா, கண் கலங்க. "உங்க மனசு யாருக்கு வரும்?"

ஸ்டோர்காரர் மனைவியைப் பார்த்தார்.

"நீங்கதானே சொன்னீங்க," என்றாள் மனைவி, பையை அவர் கையில் கொடுத்தபடி. "நம்ம வீட்ல படியே கிடையாது, அக்காவை இங்கயே கூட்டிட்டு வந்துடு, நம்ம ரூமைக் குடுத்துடலாம், நீ துணைக்கு அவங்ககூடப் படுத்துக்கோ, நான் ஹால்ல பாய் போட்டுக்கறேன், காலைல அவங்களுக்கு வெந்நீர் நானே வச்சுத் தரேன்னு. மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்றால் மயக்கம் வெளிவரும். மயக்கம் வந்தால் பெட்டி வரும். பெட்டி வந்தால் ஐந்து நாள் விரதம் வரும். நாலு படியும் தலைகீழாகத் தெரிந்தன.

"அதெப்படி மறக்கும்?" என்றார்.

"கட்டு இன்னும் பதினாலு நாள்," என்றார் அக்கா வாக்கரை ஊன்றியபடி. "அப்புறம் நடந்து பழக ரெண்டு மாசம் ஆகும்னு டாக்டர் சொன்னார். நீங்க எத்தனை நாளானாலும் இருங்கன்னு சொன்னீங்களாமே!"

ஸ்டோர்காரர் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்தார். ஸ்டூலை அக்காவின் மருந்துக்கு நகர்த்தினார். பாயை ஹாலுக்குக் கொண்டுபோனார். எல்லாவற்றையும் முடித்துவிட்டு சமையலறைக்குள் போனபோது மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்காது. இந்த ஒன்றையாவது தெரிந்துகொள்ளாவிட்டால் அவர் மூன்று மாதம் ஹாலில் படுக்க முடியாது.

"அன்னைக்கு போன்ல," என்று தொடங்கினார். "நான் வேற ஏதாவது... உன்னைப் பத்தி... சொன்னேனா?"

மனைவி திரும்பவில்லை.

"பதினோரு நிமிஷமும் குறட்டைதான் விட்டீங்க. அக்கா தூங்கிட்டிருந்தாங்க, அவங்க போன்லேர்ந்து தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். அவங்க கடைவீதியில இருந்தாங்க. மருந்துக்கடைக்காரரையும் இழுத்துக்கிட்டு ஓடி வர்ற வரைக்கும், குறட்டை நிக்குதா நிக்குதான்னு காதுல வச்சுக் கேட்டுட்டே இருந்தேன். வைக்கவே மனசு வரல."

அவர் வெகுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்கு எரிந்தது. தூள் ஒன்றும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. பிறகுதான் மெதுவாக மண்டையில் ஏறியது.

"அப்ப ஹால்ல படுத்துக்கறேன்னு சொன்னது?"

"அது நான் சொன்னது," என்றாள் மனைவி டம்ளரைக் கவிழ்த்தபடி. "அவ்வளவு நேரத்துல நீங்க ஒரு தடவைகூட மறுக்கலையே."